நாலு பேருக்கான வீடு

டன்கேர்க் போகும் ரயில் நின்ற மேடையில் கோசலை முதலில் கண்டது அரிசிப் பையைத்தான். பத்துக் கிலோப் பை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, பாரிஸ் கார் து நோர் நிலையத்தின் காலைக் கூட்டத்தை விலக்கியபடி, எல்லாப் பற்களும் தெரிய, வீட்டில் கூட இருக்கிற வாமதேவன் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பாலச்சந்திரன். அவன் கையில் ஒரு பெரிய அலுமினியப் பானை. பானைக்குள் துவாயில் சுற்றிய தேங்காய்த் திருவலை, இரண்டு தேங்காய், ஒரு சீட்டுக்கட்டு. விடுமுறைக்குப் போகிற தங்களை வழியனுப்ப வருகிறார்களாக்கும் என்று நினைத்து அவளும் சிரித்தாள். பத்துக் கிலோ அரிசியோடு யாரும் வழியனுப்ப வருவதில்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. அதற்குள் சிரித்தாகிவிட்டது. சிரித்ததைத் திருப்பி எடுக்கவும் முடியாது.

அவள் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். மகேந்திரராசா ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த அறிவிப்பை மிகுந்த அக்கறையோடு வாசித்துக்கொண்டிருந்தான். மூன்று வருடமாகப் பிரெஞ்சு எழுத்தை ஏறெடுத்தும் பார்க்காத மனுசன்.

"நாலு பேருக்கான வீடு எண்டுதானே கடிதத்திலை போட்டிருக்கு," என்றான், அறிவிப்பைப் பார்த்தபடியே. "ரெண்டு கட்டில் சும்மா கிடக்கப்போகுது. அவையளும் பாவம், வந்த நாள்தொட்டு ஒரு இடமும் போனதில்லை."

அவளுக்கு வயிறு எரிந்தது. வாயைத் திறந்தால் மேடையில் நிற்கிற வெள்ளைக்காரரெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி ஏதாவது வந்துவிடும் என்று பயந்து, பேசாமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அவளுடைய வயிற்றெரிச்சல் விளங்க வேண்டுமென்றால் அவர்கள் இருந்த வீட்டைச் சொல்ல வேண்டும். லா ஷப்பலில் ஐந்தாம் மாடி, மின்தூக்கி இல்லாத பழைய கட்டிடம், இரண்டு அறை, ஆறு பேர். மகேந்திரராசா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். வாமதேவன் வேறோர் இடத்தில் இரவுச் சமையல். பாலச்சந்திரன் விடியப் புறத்தில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கப் போவான். மற்ற இருவரும் அப்படித்தான், ஆளுக்கொரு நேரம். அந்த வீட்டில் கட்டில் ஆறுவதே கிடையாது. ஒருவன் எழும்பும் போதே அடுத்தவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிற்பான். மொஸ்கோவில் இறங்கி, கிழக்கு பெர்லின் வழியாக, சட்டைப் பையில் ஒரு தொலைபேசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வந்து சேருகிறவனுக்கும் அங்கே ஒரு மூலை இருக்கும். ஒரு கட்டில் வெறுமனே கிடப்பது அவர்களுக்குக் கோப்பையில் சோற்றை மிச்சம் விடுவதுபோல. அதனால் மகேந்திரராசா சொன்ன நியாயத்தை அந்த வீட்டில் யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். கோசலைக்கே அது சட்டென்று பொய்யாகத் தெரியவில்லை.

போன வருடம் மாசியில் அவள் வந்து சேர்ந்தபோது, ஆண்கள் எல்லோருமாகச் சேர்ந்து உள்ளறையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். கயிறு கட்டி, அதில் ஒரு பச்சைக் கம்பளியைத் தொங்கவிட்டு, "தங்கச்சிக்கு அறை தயார்" என்று வாமதேவன் பெருமையாகக் காட்டினார். ஆணி அடித்தவரும் அவர்தான். கம்பளிக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் யாராவது தூங்குவார்கள், இல்லையென்றால் தேத்தண்ணீர் குடிப்பார்கள். ஒருவன் தாடி சொறிவதுகூட இந்தப் பக்கம் கேட்கும். மகேந்திரராசா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். முதல் மாதம், மானஸ்தன் என்று அவள் மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். ஆறாம் மாதம், ஒரு துணிக்கு இந்தப் பக்கம் எந்த ஆம்பிளைக்குத்தான் மனம் வரும் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். ஒரு வருடம் கழிந்த பிறகு கம்பளியோடு கோபித்துக்கொண்டாள், மாடிப்படியோடு, பாரிசோடு. அவனோடு கோபிக்க மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

வருகிற தையில் அவளுக்கு முப்பத்தொன்பது. தமக்கைக்கு ஒன்றும் பொருந்திவராமல் இழுபட்டு, அது முடிந்த பிறகு அவளுக்குக் கலியாணமான போது வயது முப்பத்தொன்று. மகேந்திரராசா அப்போது கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதினான். மாதத்தில் ஒருமுறை ரயிலேறி வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போவான். ஒருமுறை கரு தங்கியது. மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. பிறகு எண்பத்துமூன்று கலவரம் வந்தது, கடை எரிந்தது, அவன் அகதி முகாமில் கிடந்து கப்பலில் ஊர் வந்து, அந்த வருடமே பிரான்சுக்குப் புறப்பட்டுவிட்டான். அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டும். அவ்வளவுதான். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்டதில்லை. லா ஷப்பலுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, உன்னில் ஒரு குறையும் இல்லை, ஆனால் இனி ஒரு மாதத்தைக்கூட வீணாக்காதே என்று சொல்லியனுப்பினாள்.

அதை மொழிபெயர்த்துச் சொன்னவள் மரி-லூயிஸ். புதுச்சேரிக்காரி, தபால்துறையில் இருந்த புருசனை இழந்தவள், அறுபதைத் தாண்டியவள். கோசலை வாரத்தில் இரண்டு நாள் அவள் வீட்டுக்குப் போய்த் துணி தேய்த்துக் கொடுத்து, குழம்பு வைத்துவிட்டு வருவாள். கணவரின் அலுவலகம் வருடாவருடம் கடற்கரை விடுமுறை வீட்டுக்கு ஒரு விண்ணப்பத்தாள் அனுப்பும். அவர் போன பிறகு மரி-லூயிஸ் அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடுவாள். இந்த வருடம் எடுத்து நிரப்பினாள். புரட்டாதியில் எந்த வாரம் தோது என்று கேட்டபோது கோசலை விரல் மடித்து எண்ணி ஒரு வாரத்தைச் சொன்னாள். எதை எண்ணினாள் என்று மரி-லூயிசுக்கு விளங்கியது. அவள் சிரிக்கவில்லை.

"புருஷனும் பொஞ்சாதியுமா ரெண்டே பேரு போயிட்டு வாங்க," என்றாள். "வக்கான்ஸுன்னா, இந்த லீவுன்னா, அதுக்குத்தாம்மா. சாவிய வாங்கு, உள்ள போ, கதவ சாத்திக்க."

கதவைச் சாத்திக்க. அந்தச் சொல்லை இரண்டு மாதமாகக் கோசலை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். இப்போது அந்தக் கதவுக்கு உள்ளே நாலு பேர் போகப்போகிறார்கள்.

ரயில் புறப்பட்டு அரைமணி நேரத்தில் வாமதேவன் ரொட்டியும் சம்பலும் பொதி அவிழ்த்தார். வாசனைக்குப் பயந்து எதிர்வரிசையில் இருந்த வெள்ளைக்கார அம்மா வேறிடம் தேடிப் போனாள். கோசலை சாப்பிடக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் சம்பல் நன்றாயிருந்தது. கோபம் ஒருபக்கம் இருக்க, இரண்டு ரொட்டி இறங்கியது. பாலச்சந்திரன் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு மாடுகளை எண்ணினான். முப்பது வயது ஆம்பிளை. மாடு இவ்வளவு கொழுக்குமா அக்கா என்று அவளைக் கேட்டான். கொழுக்கும் என்றாள்.

டன்கேர்க்கில் இறங்கி பஸ்ஸில் போய்ச் சேர்ந்த பிறே-துயூன் என்கிற ஊர் பிரான்சின் வடகோடி. அதற்கு மேலே பிரான்சில் ஊர் கிடையாது. கிழக்கே நடந்தால் பெல்ஜியம், வடக்கே கடல். கோடை முடிந்துவிட்டது. கடற்கரை வீதியில் குடைராட்டினத்தைத் தார்ப்பாயால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கடைகளுக்குத் தகரக் கதவு இறக்கியாயிற்று. கடல் வற்றி அரைமைல் தூரம் உள்ளே போயிருந்தது. மணல் ஈரமாய், சாம்பல் நிறமாய், பார்க்குமிடமெல்லாம் கிடந்தது. வீடு மூன்றாம் மாடியில். கடலைப் பார்த்த ஒரு கூடம். அதிலே இழுத்தால் இரட்டைக் கட்டிலாக விரியும் ஒரு சோபா. வாசற்கதவை ஒட்டிய நடையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறிய கட்டில்கள். கூடத்துக்கும் நடைக்கும் நடுவே மடித்து இழுக்கிற பிளாஸ்டிக் மறைப்பு. கோசலை அதைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அரிசி களையப் போனாள்.

படுக்கை விஷயத்தை நீட்டி என்ன பயன். சோபாக் கட்டில் இடுப்பைப் பிடிக்கும் என்று மகேந்திரராசா முதல் நாளே சொல்லிவிட்டான். தலையணையை எடுத்துக்கொண்டு போய் நடையில், அந்த இருவரின் கட்டிலுக்குக் கீழே, தரையில் விரித்தான். ஊரிலிருந்த கிணறுகளின் தண்ணீர் ருசியைப் பற்றி மூன்று பேருமாக ஏதோ வாதம் பண்ணுவது மறைப்புக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேர் தாராளமாகப் புரளக்கூடிய கட்டிலில் அவள் ஓர் ஓரமாக, வருகிறவனுக்கு இடம்விட்டதுபோலப் படுத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான்.

பகலில் ஆண்கள் சீட்டாடினார்கள். முன்னூற்றுநாலு ஆட நாலு கை வேண்டுமென்று அவளையும் இழுத்து உட்கார்த்தினார்கள். மகேந்திரராசா துருப்பை ஓங்கி மேசையில் அடித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். கலியாணமான புதிதில் அவன் சிரித்த சிரிப்பு அது. கொழும்பு ரயிலை விட்டு இறங்கி, பையை வைத்துவிட்டு, அவள் சொல்லும் ஊர்க்கதைக்கு அப்படித்தான் சிரிப்பான். அது தனக்கென்று உள்ள சிரிப்பு என்று அவள் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது பாலச்சந்திரன் பிழையாக இறக்கிய ஒரு சீட்டுக்காக வந்தது. அவளுக்கு அந்தச் சீட்டைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும்போல இருந்தது.

அன்று மத்தியானக் கறிக்கு வேண்டுமென்றே மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டாள். மூன்று பேரும் கண்ணாலும் மூக்காலும் ஒழுக ஒழுகச் சாப்பிட்டு, இப்படியொரு கறி பாரிசில் வந்த பிறகு தின்னவில்லை என்று புகழ்ந்து, இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார்கள். பழிவாங்கக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மூன்றாம் நாள் பாலச்சந்திரன் காலையிலேயே காணாமல் போனான். தேடிப் பார்த்தால், வற்றுக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு கிழட்டு வெள்ளைக்காரன் தடியில் கட்டிய வலையைத் தள்ளிக்கொண்டு போக, பக்கத்தில் இவனும் காற்சட்டையோடு நனைந்து நடுங்கிக்கொண்டு தள்ளினான். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் கிழவன் ஒரு வாளி இறாலைக் கொடுத்தனுப்பினான். சுண்டுவிரல் நகமளவு சாம்பல் நிற இறால். நாலு பேரும் மேசையைச் சுற்றியிருந்து ஒரு மணி நேரம் உரித்தார்கள். கோசலை தேங்காய்ப் பால் பிழிந்து குழம்பு வைத்தாள். அந்த ஒரு மணி நேரம் தானும் எல்லாவற்றையும் மறந்திருந்தாள் என்பது கோப்பை கழுவும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் பயம் வந்தது. மூன்று நாள் போய்விட்டது. விரல் மடித்து எண்ணி எடுத்த நாட்கள்.

வாமதேவன் துடைப்பதற்கு வந்து பக்கத்தில் நின்றார். அவர் ஐம்பதை எட்டுகிற மனுசர். பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும் வட்டுக்கோட்டையில். வாய் ஓயாத ஆள். அன்றைக்கு நாலைந்து கோப்பையை அக்கறையாகத் துடைத்து அடுக்கினார்.

"தங்கச்சி, நீர்தான் எங்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னனீர் எண்டு மகேந்திரன் சொன்னவன்," என்றார்.

கோசலை கையிலிருந்த பானையை உரசிக்கொண்டே நின்றாள். அதுவே அவருக்குப் பதிலாயிற்று.

"இல்லையெண்டால் நாங்கள் காலடி எடுத்து வைச்சிருக்க மாட்டம்," என்றார் மெதுவாக. அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. பச்சைக் கம்பளிக்கு ஆணி அடித்தவர். அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, ஒன்றரை வருடமாக இந்தப் பக்கம் ஒன்றும் கேட்காததைக் கேட்டுக்கொண்டிருந்தவர். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நினைப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் துணியை மடித்துப் போட்டுவிட்டு, நாளைக்குச் சாப்பாடு முடிய நானும் பாலனும் ஒரு சுற்றுப் போய்வருவோம், பொழுதுபட்டுத்தான் வருவோம் என்றார்.

சொன்னபடியே நாலாம் நாள் இருவரும் புறப்பட்டார்கள். மகேந்திரராசாவும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எழுந்தான். உனக்கு நடக்கத் தெரியாது, இழுத்துக்கொண்டு வருவாய், இரு என்று வாமதேவன் ஒரு கேலியால் அவனை உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கோசலை தலைக்குக் குளித்திருந்தாள். பாக்குநிறச் சேலை ஒன்று கொண்டுவந்திருந்தாள், அதை உடுத்தினாள். இரண்டு கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வெளியே மழை பிடித்துவிட்டது. அவன் ஜன்னலோடு நின்றான்.

"உங்கை பாரும், கடைத் தாவாரத்துக்குக் கீழை நிக்கினம்," என்றான். மூடிக்கிடந்த ஓர் உருளைக்கிழங்குப் பொரியல் கடையின் சிறிய கூரைக்குக் கீழே வாமதேவனும் பாலச்சந்திரனும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். போவதற்கு அந்த ஊரில் ஓர் இடமும் திறந்திருக்கவில்லை. காற்று மழையைச் சாய்த்து அவர்கள் முழங்காலுக்குக் கீழே அடித்தது.

"அவையள் தெரிஞ்சுதான் போனவை," என்றாள் கோசலை.

"தடிமன் பிடிக்கப்போகுது."

"பிடிக்கட்டும்."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் எவ்வளவு வெட்கத்தை விழுங்க வேண்டியிருந்தது என்று சொல்ல முடியாது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டப் போய் அவன் கையைப் பிடித்தாள். சட்டைக்கு உள்ளே கை விறைத்தது. உதறவில்லை, இழுக்கவுமில்லை. ஊசி போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்களே, அப்படி அவள் பிடி விடுகிறவரை பொறுத்துக்கொண்டு நின்றான். அவள் விட்டாள். அவன் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

மேலேயிருந்து அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். குடையைப் பிடித்தபடி அவன் வீதியைக் குறுக்கே கடந்து ஓடினான். வாமதேவன் தலையை ஆட்டினார், கையால் வீட்டைக் காட்டிப் போ போ என்றார். இவன் அவருடைய முழங்கையைப் பிடித்தான். அவர் உதறினார். மறுபடியும் பிடித்தான். குடை கவிழ்ந்து காற்றில் திரும்பிக்கொண்டது. அதையும் கவனியாமல் இரண்டு கையாலும் அவரைப் பிடித்து இழுத்தான். ஜன்னல் சாத்தியிருந்ததால் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் அவன் கெஞ்சுகிறான் என்பது மூன்றாம் மாடிக்குத் தெரிந்தது. கடைசியில் மூன்று பேருமாக, யாரும் யாரையும் பார்க்காமல், மழைக்குள் நடந்து வந்தார்கள். கோசலை இரண்டு கோப்பையையும் பானைக்குள் திரும்ப ஊற்றி, தண்ணீர் சேர்த்து, நாலு பேருக்குக் கொதிக்க வைத்தாள்.

ஐந்தாம் நாள் வெயில் எறித்தது. கடல் நன்றாக வற்றியிருந்தது. போர்க்காலத்தில் மூழ்கிய ஒரு கப்பலின் எலும்புக்கூடு மணலில் தெரியும், போய்ப் பார்ப்போமா என்று அவள்தான் கேட்டாள். கடற்கரையில் அங்குமிங்கும் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், நாய்கள் ஓடின. சக்கரம் பூட்டிய பாய்வண்டிகளில் பையன்கள் மணலில் பறந்தார்கள். ஆள் நடமாட்டம் இருந்ததாலோ என்னவோ அவன் சம்மதித்து வந்தான். கப்பலில் மிஞ்சியிருந்தது துருப்பிடித்த விலா இரும்புகள் மட்டும். அவற்றின்மேல் சிப்பி அப்பிக் கிடந்தது. ஒன்றில் அவள் சாய்ந்துகொண்டாள்.

"என்ரை பேரைச் சொல்லி ஏன் அவையளைக் கூட்டி வந்தனீங்கள்?"

அவன் சப்பாத்து நுனியால் மணலைக் கீறினான். வழக்கமாக அவன் எதற்கும் "பாப்பம்" என்று சொல்லித் தள்ளிவிடுவான். இன்றைக்கும் அதுதான் வரப்போகிறது என்று அவள் நினைத்தாள்.

"உம்மோடை தனிய இருக்கப் பயமாக் கிடந்தது," என்றான். "நீர் கேப்பீர். என்னட்டை இல்லை."

"ஏதும் வருத்தமோ?"

"ஒரு வருத்தமும் இல்லை. நானும் போய்க் காட்டினனான். உடம்பிலை ஒண்டும் பிழையில்லையாம்."

"வேறை ஆரும்..."

அவன் சிரித்தேவிட்டான். "எனக்கோ?" என்றான். பிறகு, கோப்பை கழுவும்போது பேசுவதுபோல, கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வந்த புதிதில் எல்லாம் இருந்ததாம். ஒவ்வொரு நாளும் அவளை நினைத்தானாம். பிறகு என்ன நடந்ததென்று அவனுக்கே தெரியவில்லையாம். ஒரு பெரிய துக்கம் வந்தோ, யாரும் அடித்தோ போனதில்லை. கட்டிலில் தன் முறை வந்தால் படுத்தான், முறை முடிய எழும்பினான். அப்படியே ஒரு நாள் பார்த்தால் எதிலும் ஆசை இல்லை. சாப்பாட்டில், ஊரில், அவளில், ஒன்றிலும். நாலு பேரோடு இருந்தால் அது தெரியாது, சிரிக்க வருகிறது. தனியே இருந்தால்தான் தெரிகிறது.

"நான் வாறதுக்கு முந்தியே அப்பிடியோ?"

"ஓம்."

"அப்ப என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"நீர் வந்தால் வரும் எண்டு நினைச்சன்."

அவள் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு வேறொருத்தி இருந்திருந்தால் அவள் தலைமயிரை விரித்துப் போட்டுக் கத்தியிருப்பாள். நோய் என்றிருந்தால் கோவில் கோவிலாக நேர்ந்திருப்பாள். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தாய் தகப்பனை விட்டுவிட்டு, எத்தனையோ விமான நிலையத்து வாங்குப் பலகைகளில் படுத்தெழும்பி அவள் வந்து சேர்ந்தது ஏற்கனவே காலியாகிவிட்ட ஓரிடத்துக்கு. அவனை வெறுக்க வேண்டும் என்று மனதார முயன்று பார்த்தாள். எதிரே நின்றவனுடைய கழுத்துப்பட்டி ஒருபக்கம் மடிந்திருந்தது. நாற்பத்துமூன்று வயதுக்கு நரை அதிகம். வெறுப்பு வரவில்லை, அழுகை மட்டும் வந்தது. அழுது முடியும்வரை அவன் பக்கத்திலேயே நின்றான். தோளைத் தொடுவதற்குக் கையைத் தூக்கினான். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது என்று சொன்னான். இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள்.

அடுத்த நாள் காலை அவர்கள் வீட்டைக் கழுவித் துடைத்தார்கள். நாலு பேருக்கும் அது கை வந்த வேலை. வந்தபோது இருந்ததைவிடப் பளிச்சென்று வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். பாலச்சந்திரன் மட்டும் கடற்கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்கு அது நல்ல வக்கான்ஸ். அடுத்த வருடமும் வருவோமா அக்கா என்று கேட்டான். வாமதேவன் அவனை முறைத்தார்.

திரும்பும் ரயிலில் நாலு பேருக்கும் எதிரெதிர் இருக்கைகள் கிடைத்தன. கோசலை ஜன்னலோரம், அவளுக்குப் பக்கத்தில் மகேந்திரராசா. பீற்ரூட் வயல்களும் நிலக்கரி மேடுகளும் கடந்து போயின. மரி-லூயிஸ் கேட்கப்போகிறாள், வாயால் கேட்க மாட்டாள், முகத்தைப் பார்ப்பாள். அவளுக்கு என்ன சொல்வதென்று கோசலை யோசித்தாள். வீடு நன்றாயிருந்தது, இறால் கிடைத்தது என்று சொல்லலாம். அதற்குப் பிறகு வருகிற மாதங்களைப் பற்றியும் யோசித்துப் பார்த்தாள். அவை ஒன்றுபோல ஒன்று வந்துகொண்டேயிருந்தன, இனி எண்ணுவதற்கு அவற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

அராஸ் தாண்டியதும் மகேந்திரராசா தூங்கிவிட்டான். உட்கார்ந்தபடி தூங்கிப் பழகியவன். ரயில் ஒரு வளைவில் சாய, அவன் தலை ஆடி ஆடி, கடைசியில் அவள் தோளில் வந்து விழுந்தது. விழித்தால் எடுத்துவிடுவான் என்று அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். அவன் விழிக்கவில்லை. தலை அவள் தோளில் இடம் தேடிக்கொண்டு, கழுத்துக்குள் புதைந்து, பாரமாகி நின்றது. கொஞ்ச நேரத்தில் கை மரத்துப்போனது. ஒன்றரை மணி நேரம் அவள் அசையவில்லை.

சென்-தெனி வந்ததும் ஆட்கள் எழுந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்கள். தண்டவாளங்கள் பத்தாய் இருபதாய்ப் பெருகின. லா ஷப்பலின் கறுத்த சுவர்களும் மொட்டைமாடிகளும் ஜன்னலில் வந்தன. வாமதேவன் பானையை எடுத்துக்கொண்டு, மகேந்திரராசாவைத் தட்டி எழுப்பக் கையை நீட்டினார். கோசலை வேண்டாமென்று கண்ணைக் காட்டினாள். ரயில் நின்றது. முன்னாலும் பின்னாலும் ஆட்கள் இறங்கினார்கள், பெட்டி வெறுமையானது, வாமதேவனும் பாலச்சந்திரனும் வாசலில் போய் நின்று மற்றப்பக்கம் பார்த்தார்கள். தூங்குகிறவனுடைய வாயோரம் எச்சில் வழிந்து அவள் சட்டைத் தோளை நனைத்தது. மரத்துப்போகாத மற்றக் கையால் சேலைத் தலைப்பை எடுத்து, எழும்பிவிடாதபடி, மெல்ல மெல்ல அவள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.